நாணயத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா?

நம்பிக்கை: மெகாபிக்சல் கூடினால் நுணுக்கம் கூடும்.

கடையில் முதலில் காதில் விழுவது இதுதான். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 12 மெகாபிக்சல் படத்தில் 4000×3000 புள்ளிகள், 48 மெகாபிக்சலில் 8000×6000. நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாத 48 மெகாபிக்சல் கேமரா தள்ளியே நிற்கும். நாணயம் படத்தின் உயரத்தில் கால் பங்கைத்தான் பிடிக்கிறது என்றால் அதற்குக் கிடைப்பவை 1500 புள்ளிகள். நெருங்கிப் போய் உயரம் முழுக்க நிறைக்கும் 12 மெகாபிக்சல் கேமராவில் 3000! ஆண்டுக்குக் கீழே பெரும்பாலும் அச்சடித்த நாணயச் சாலையைக் காட்டும் பொடிக் குறி இருக்கும்: நொய்டாவுக்குப் புள்ளி, மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம். சேகரிப்பவருக்கு அது தெரியாத படம் எதற்கு? 2002இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 4500 வெறும் 4 மெகாபிக்சல்தான். ஆனால் 2 செ.மீ. வரை நெருங்கும்.

நம்பிக்கை: அப்படியானால், எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அதுவும் இல்லை. லென்ஸ் நாணயத்தை ஒட்டி நின்றால் வெளிச்சம் எந்த வழியாக வரும்? கேமராவின் நிழல்தான் நாணயத்தின் மேல் விழும். 1 செ.மீ. வரை நெருங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 கேமராவுக்கு, லென்ஸைச் சுற்றி ஒளி பரப்பும் வளையத்தையும் அந்த நிறுவனமே தனியாக விற்றது. எழுத்தும் உருவமும் எழுந்து தெரிய, பக்கவாட்டில் சாய்வாக ஒளி விழ வேண்டும். அதற்கு இடைவெளி தேவை. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்கள் இதனால்தான் வசதி. அவற்றில் ‘குறைந்தபட்ச தூரம் 30 செ.மீ.’ என்று போட்டிருந்தால் அது சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸ் முனைக்கும் நாணயத்துக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய அதில் பாதி.

நம்பிக்கை: 1:1 இல்லாத லென்ஸ் வீண்.

1:1 என்றால் பொருளின் நிஜ அளவிலேயே சென்சாரில் பிம்பம் விழும். பல கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 16 மி.மீ. கூட இல்லை, ஒரு ரூபாய் நாணயம் அதில் அடங்காது. முழு நாணயத்துக்குப் பாதி அளவே போதும். தபால்தலையின் அச்சுப் பிழையைத் தேடுபவர் 1:1 கேட்கட்டும்.

நம்பிக்கை: லென்ஸின் துளையைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை.

ஓரளவுக்குத்தான். 1:1 நெருக்கத்தில் எஃப்/16 என்பது எஃப்/32 போல வேலை செய்யும். சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மங்கும்.

நம்பிக்கை: மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆகவேண்டும்.

கையில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால், கேமராவுக்கும் அதற்கும் நடுவே 25 மி.மீ. நீட்டிப்பு வளையம் மாட்டினாலே பாதி அளவு வந்துவிடும். வளையத்தில் கண்ணாடி ஏதும் இல்லை, அதனால் விலையும் குறைவு. மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெற்று வளையத்தில் ஃபோகஸைக் கையால்தான் செய்ய வேண்டும். இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் துளையின் அளவையும் மாற்ற முடியாது.