லாரி வேலை: கையில் நிற்பது எவ்வளவு?

அமெரிக்காவில் லாரி ஓட்டப் போகிறவர்கள், வண்டியை லீஸுக்கு எடுத்து ஓட்டும் லீஸ் ஓட்டுநருக்கு, கம்பெனி ஓட்டுநரைவிட மைலுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்றதும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். டீசல், டயர், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான் போகும். ஒரு வாரம் வீட்டில் இருந்தாலும் வண்டித் தவணை நிற்காது. வரியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கம்பெனி ஓட்டுநரிடம் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியாக 7.65 சதவீதம் பிடிப்பார்கள். மறுபாதி முதலாளி பொறுப்பு. சுயதொழில் கணக்கில் வரும் லீஸ் ஓட்டுநர் 15.3 சதவீதத்தையும் தானே கட்டவேண்டும்.

நீங்கள் சேரப்போகும் கம்பெனியில் ஏற்கெனவே லீஸில் ஓட்டுபவரிடம், லோடு குறைந்த ஒரு வாரத்தின் செட்டில்மென்ட் தாளைக் கேட்டுப் பாருங்கள். பிடித்தம் போக நின்ற தொகையை, காலியாக ஓட்டியதையும் சேர்த்த மொத்த மைலால் வகுத்து, கம்பெனி ஓட்டுநரின் மைல் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். என்னென்ன பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தரவேண்டும் என்பது கூட்டரசு விதி, வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.