நம்ம ஊர் டீத்தூளைக் கூகுள் எப்படிக் கண்டுபிடிக்கும்?

(கணினிப் பகுதி. எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)

இந்த முறை கணினிப் பகுதியில் தேடுபொறியைப் பற்றி எழுதுகிறேன். தேடுபொறி என்றால் நமக்கெல்லாம் கூகுள்தான். நாம் அதில் தேடுகிறவர்கள். ஆனால் விற்கிறவர் பக்கம் போய் நின்று பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். தேடுகிறவர் கண்ணில் நம் பக்கம் முதலில் பட என்ன செய்வது என்று ஒரு படிப்பே இருக்கிறது. சுருக்கமாக எஸ்.இ.ஓ. என்கிறார்கள். தமிழில் 'தேடுபொறி உகப்பாக்கம்'. பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. உள்ளே இருக்கிற விஷயம் சந்தைக்குக் காரட் மூட்டை கொண்டு போகிறவருக்கும் புரியும்.

எங்க சித்தி இருக்கிற மகளிர் சுயஉதவிக்குழு டீத்தூள், தைலம், வர்க்கி மூன்றும் விற்கிறது. ஏப்ரல், மே சீசனில் ரோட்டோரக் கடையில் நன்றாக ஓடும். மழை பிடித்துவிட்டால் கடைக்கு ஈ கூட வராது. அதனால் கல்லூரியில் படிக்கிற ஒரு அக்கா குழுவுக்கு இணையதளம் செய்து கொடுத்தாங்க. லீவு நாட்களில் அவங்க பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இது எதற்கு நமக்கு என்று கேட்பீர்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தேயிலைதான் சோறு போடுகிறது. ஒரு கிலோ டீத்தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சை இலை வேண்டும். அந்த இலைக்கு விலை சொல்கிறவர் இலை வளர்த்தவர் இல்லை. குன்னூர் ஏலத்தில் டீத்தூள் போகிற விலையை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலை விலையை அறிவிக்கிறது. குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. இப்போது எல்லாமே கணினி வழி ஏலம். சிறு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகள் சேர்ந்த இன்ட்கோசர்வ் 1965-இல் தொடங்கியது. அதில் 16 ஆலைகள், சுமார் 30,000 விவசாயிகள். அவர்களும் ஏலத்தை மட்டும் நம்பாமல் 'ஊட்டி டீ' என்று சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு ரேஷன் கடை வரை கொண்டு போனார்கள். பாக்கெட்டில் நம் பெயர் இருந்தால் விலையையும் நாம் சொல்லலாம். இணையதளமும் அதே வேலைதான், கொஞ்சம் சின்ன அளவில்.

சரி, பாடத்துக்கு வருவோம். கூகுள் நாம் கேட்ட பிறகு உலகம் முழுக்க ஓடிப் போய்த் தேடுவதில்லை. அதன் நிரல்கள் முன்கூட்டியே ஒவ்வொரு பக்கமாகப் போய், அதில் உள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், படித்ததையெல்லாம் குறித்து வைக்கின்றன. இந்த நிரலுக்கு ஊர்தி என்று பெயர். (ஊர்ந்து போவதால். வண்டி என்று நினைக்காதீங்க.) பாடப் புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருக்கும் இல்லையா, அது மாதிரி ஒரு பெரிய சொல்லடைவு. நாம் தேடும்போது கூகுள் அந்தச் சொல்லடைவைத்தான் புரட்டுகிறது. அதில் நம் பக்கமே இல்லை என்றால் தலைகீழாக நின்றாலும் வராது.

சொல்லடைவில் இருந்தாலும் எத்தனையாவது இடம்? 1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு யோசனை செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால் அது ஓட்டுப் போட்ட மாதிரி. அதிலும் ஊரில் மதிப்புள்ளவர் கையைக் காட்டினால் கூடுதல் மதிப்பு. 'நல்ல வர்க்கி எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால் நாலு பேர் ஒரே கடையைக் காட்டுவதில்லையா, அதேதான். இன்று இதோடு இன்னும் எத்தனையோ கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கிறது. கூகுளுக்கு 2015-இல் தலைவரான சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். அதற்காக நமக்குச் சலுகை எதுவும் இல்லை!

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி சொல் தேர்வு. நாம் எந்தச் சொல்லில் விற்கிறோம் என்பது முக்கியமில்லை, வாங்குகிறவர் எந்தச் சொல்லில் தேடுகிறார் என்பதுதான் முக்கியம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பலகையில் உதகமண்டலம். செய்தித்தாளில் உதகை. பஸ்ஸில் ஊட்டி. வெளியூர்க்காரர் ஊட்டி என்றுதான் தட்டச்சு செய்வார். கடை முகவரியில் உதகமண்டலம் என்று மட்டும் எழுதினால் பாதிப் பேரை இழப்போம். அதனால் பக்கத்தில் இரண்டு பெயரும் இயல்பாக வர வேண்டும்.

'நீலகிரி' என்ற ஒரே சொல்லை மட்டும் நம்பினாலும் ஆபத்து. மலை ரயிலைத் தேடுகிறவரும் அதைத்தான் போடுவார், வரையாட்டைத் தேடுகிறவரும் அதைத்தான் போடுவார். இந்தியில் நீலகிரி என்றால் யூகலிப்டஸ் மரம்! அந்தக் கூட்டத்தில் நம் டீத்தூள் எங்கே தெரியப் போகிறது? 'நீலகிரி டீத்தூள் கால் கிலோ' என்று தேடுகிறவர் குறைவு. ஆனால் அவர் வாங்க வந்தவர். கூட்டம் குறைந்த அந்தச் சொல்தான் சின்னக் கடைக்கு நல்லது என்று அக்கா சொன்னாங்க.

தோடர்களின் பூ வேலைப்பாடு எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும். அந்தப் போர்வைக்கு அவர்கள் சொல்லும் பெயர் பூத்துக்குளி. டெல்லியில் இருக்கிறவருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? அவர் தோடா எம்ப்ராய்டரி என்றுதான் தேடுவார். 2013-இல் அந்தப் பெயரில்தான் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்காகச் சொந்தப் பெயரை அழித்துவிட வேண்டியதில்லை. தலைப்பில் அவருக்குத் தெரிந்த பெயர், உள்ளே நம் பெயரும் அதன் விளக்கமும். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. அதையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள், அது தனிக் கதை.

தமிழில் எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. நோட்டீஸ் அடிக்கிற கடைகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்வார்கள். தாளில் அழகாக வரும். ஆனால் அதில் 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி தமிழாகச் சேமிப்பதில்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளாகத்தான் வைத்திருக்கும். அதை அப்படியே இணையதளத்தில் ஒட்டினால் தேடுபொறிக்கு வெறும் கிறுக்கல். யூனிகோடில் இருந்தால்தான் த என்பது த-வாக இருக்கும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இதே மாதிரிதான் விலைப்பட்டியலைப் போட்டோவாக மட்டும் போடுவதும். படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. விலையை எழுத்தாகவும் போட்டுவிட வேண்டும். படத்துக்கும் ஒரு வரி விளக்கம் தர இடம் இருக்கிறது, கண் தெரியாதவர்களுக்குக் கணினி அதைத்தான் படித்துக் காட்டும்.

பக்கத்தின் தலைப்பு ரொம்ப முக்கியம். பல தளங்களில் 'முகப்பு' என்று இருக்கும். அது கடை பெயர்ப் பலகையில் 'கடை' என்று எழுதி வைத்த மாதிரி. தலைப்பில் என்ன பொருள், எந்த ஊர் என்று சொல்லிவிட வேண்டும். போட்டோ பெரிய அளவில் இருந்தால் பக்கம் திறக்க நேரமாகும். நம் மலையில் மழை பெய்தால் சிக்னலே போய்விடும், ஆறு எம்.பி. படத்துக்கு யார் காத்திருப்பார்கள்? கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதும் இலவசம்தான். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்தே வந்து சேருகிறார்கள்.

குறுக்கு வழிகளும் உண்டு. ஒரே சொல்லை நூறு முறை எழுதுவது, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் ஒளித்து வைப்பது, காசு கொடுத்து இணைப்பு வாங்குவது. முன்பு கொஞ்ச நாள் பலித்தது. 2012-இல் பெங்குவின் என்ற பெயரில் கூகுள் கொண்டு வந்த மாற்றத்தில் இப்படிப்பட்ட தளங்கள் நிறைய பின்னுக்குப் போயின. குழுவுக்குக் கூட ஒருத்தர் போன் செய்து, 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் முதல் இடம் உறுதி என்றார். முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. சித்தி கேட்டாங்க: "எல்லாருக்கும் முதல் இடம்னா ரெண்டாவது இடத்துல யாருங்க இருப்பாங்க?" அவர் வைத்துவிட்டார்.

காசு கொடுத்து மேலே வர நேரான வழி விளம்பரம். மேலே 'ஸ்பான்சர்டு' என்று போட்டு வருமே, அது. அங்கேயும் ஏலம்தான்! குன்னூரில் டீத்தூளை ஏலம் விடுகிறார்கள், இங்கே இடத்தை. ஒவ்வொரு முறை ஒருவர் தேடும்போதும் கண்மூடித் திறப்பதற்குள் ஏலம் நடந்து முடிந்துவிடும். அதிகக் காசு கேட்டவர் மட்டும் ஜெயிப்பதில்லை, விளம்பரம் தேடிய சொல்லுக்குப் பொருத்தமா என்றும் பார்க்கிறது. பொதுவாக, யாராவது தட்டினால்தான் காசு. தட்டியவர் வாங்காமல் போனாலும் காசு போனதுதான். கால் கிலோ பாக்கெட் விற்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

தேடல் முடிவில் நம் பக்கம் எந்தச் சொற்களுக்கு வந்தது என்று காட்ட கூகுளில் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதைத் திறந்தபோதுதான் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. டீத்தூளுக்கு வந்தவர்களைவிடத் தைலத்துக்கு வந்தவர்கள் அதிகம். அவர்கள் கேட்டது: 'சளிக்கு நீலகிரித் தைலம் குடிக்கலாமா', 'கைக்குழந்தைக்குத் தைலம் தடவலாமா'.

அந்தச் சொற்களுக்கு ஏற்ற மாதிரி 'சளிக்குக் கைகண்ட மருந்து' என்று எழுதினால் நிறைய விற்கும் என்று குழுவில் ஒருத்தர் சொன்னாங்க. நீலகிரித் தைலம் வயிற்றுக்குள் போனால் விஷம். சில மில்லி போனாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். சித்தி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடமும் கேட்டுவிட்டு வந்தாங்க. இப்போது தைலப் பக்கத்தின் முதல் வரியே, 'நீலகிரித் தைலத்தைக் குடிக்கக் கூடாது. கைக்குழந்தையின் முகத்திலும் மூக்கிலும் தடவக் கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.' விலை அதற்குக் கீழேதான். மக்கள் கேட்ட கேள்வியே தலைப்பாகவும் இருப்பதால் அந்தப் பக்கத்துக்குத்தான் இப்போது அதிகம் பேர் வருகிறார்கள். தைலம் அதிகம் விற்கவில்லை. வந்தவர்களில் சிலர் டீத்தூள் வாங்கியிருக்கிறார்கள்.

கன்சோலில் அடுத்து நிறைய வந்த கேள்வி 'ஊட்டி வர்க்கி எத்தனை நாள் கெடாது'. அதற்கு யாரும் குத்துமதிப்பாக எழுதக் கூடாது என்று சித்தி சொல்லிட்டாங்க. ஒரே நாளில் சுட்ட நாலு பாக்கெட்டில் தேதி எழுதி அலமாரியில் வைத்து, தினமும் ஒன்று எடுத்துக் கடித்துப் பார்க்கிறோம். இன்னைக்கு ஒன்பதாவது நாள். இன்னும் மொறுமொறுன்னுதான் இருக்கு.