கூட்டத்திற்கேற்ற மின்பெருக்கியைத் தேர்ந்தெடுத்தல்

பூச்சிமருந்தின் அளவைக் கூறும்போது, 'பதினைந்து' என்பது கடைசி வரிசையினர்க்கு 'ஐந்து' என்று கேட்குமாயின், கூட்டத்தின் பயன் கெடும். ஆம்ப்ளிஃபயர் எனப்படும் மின்பெருக்கியை வாங்குவோர் பலர் அதன் வாட் அளவை மட்டுமே நோக்குகின்றனர். இடம், நோக்கம், இணைக்கப்படும் ஒலிபெருக்கி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கருதுதல் வேண்டும்.

1. தொலைவு: திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. வாட் இரு மடங்கானாலோ 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. எனவே இரு மடங்கு தொலைவிற்கு நான்கு மடங்கு வாட் தேவைப்படும்.

2. ஒலிபெருக்கி: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால், சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி ஏறக்குறைய 90 டெசிபெல்லும், கூம்பு ஒலிபெருக்கி ஏறக்குறைய 105 டெசிபெல்லும் தரும். கூம்பு 1 வாட்டில் தரும் ஒலியைப் பெட்டியிலிருந்து பெற ஏறத்தாழ 32 வாட் வேண்டும். ஆகவே மைதானத்தில் பேச்சுக்குக் கூம்பே சிக்கனமானது. ஆயின் அது தாழ்ந்த சுரங்களை நன்கு தாராது. அறைக்குள் இசைக்கும் திரைப்படத்திற்கும் பெட்டியே ஏற்றது.

3. நோக்கம்: இசைக்குழுவின் கிதார் மின்பெருக்கியை இரவல் பெற்றுப் பேச்சுக்குப் பயன்படுத்துதல் நன்றன்று. அது கிதாரின் நாதத்திற்கு ஒரு தனித்தன்மை ஊட்டுவதற்கென்றே அமைந்தது. அதிலுள்ள ஒலிபெருக்கி பொதுவாக 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை மிகக் குறைவாகவே தரும். 'ஸ' போன்ற உரசொலிகள் பெரும்பாலும் அப்பகுதியிலேயே உள்ளமையால், சொற்கள் மழுங்கிக் கேட்கும்.

4. இணைப்பு: 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். 8 ஓமுக்குக் குறையலாகாது எனக் குறிக்கப்பட்ட மின்பெருக்கி இதனால் சூடேறிப் பழுதடையக்கூடும். கம்பி நெடுந்தொலைவு செல்லுமாயின் 100 வோல்ட் வெளியீடுள்ள கருவியைக் கொள்க. அம்முறையில் ஒவ்வோர் ஒலிபெருக்கியும் தன் மின்மாற்றி வழியே இணைக்கப்படும். 15 வாட்டில் அமைத்த நான்கு ஒலிபெருக்கிகளுக்கு 60 வாட்டுக்குக் குறையாத மின்பெருக்கி வேண்டும். மின்சாரம் தடைப்படும் ஊர்களுக்கு 12 வோல்ட் மின்கலத்திலும் இயங்கும் கருவி தக்கது.

ஒலி மாசுக் கட்டுப்பாடு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி பெறல் வேண்டும்.

பயிற்சி: வாங்குமுன் ஒருவர் மேடையிலிருந்து இருபது எண்களைப் படிக்க, மாணவர்கள் கடைசி வரிசையிலிருந்து எழுதுக. பிழைகள் மிகுந்தால், வாட்டைக் கூட்டுமுன் ஒலிபெருக்கியின் வகையையும் அது நோக்கும் திசையையும் மாற்றிப் பார்க்க.