சுவர் ஓவியமும் கடைவீடும்

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், ஜார்ஜ் டவுன் நகரம் மலாக்காவுடன் இணைந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2010இல் ஜார்ஜ் டவுன் கலைவிழா தொடங்கியது. 2012ஆம் ஆண்டு விழாவிற்காக, லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் பழைய சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். ஆர்மேனியன் தெருவில் உண்மையான மிதிவண்டி ஒன்று சுவரோடு பொருத்தப்பட்டுள்ளது. அதில் சிறுமியும் தம்பியும் செல்வதுபோன்ற ஓவியத்தைக் காண மக்கள் திரள்கின்றனர்.

வெயிலாலும் மழையாலும் மங்கும் ஓவியத்தை மீண்டும் தீட்டலாம். குடிபெயர்ந்தவர்களைத் திரும்ப அழைப்பது அரிது. வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முடிவுற்றதும் வாடகை உயர்ந்தது. பல குடும்பங்களும் கைவினைஞர்களும் நகர மையத்தை விட்டு வெளியேறினர். ஆகவே, கடைவீடுகளைக் காக்கும் நகரம், அவற்றில் வாழ்ந்து தொழில் செய்வோரையும் காக்க வேண்டும்.