தச்சுப் பட்டறையில் தூசு உறிஞ்சும் குழாய் அமைத்தல்

நம் கிராமங்களில் தச்சுத் தொழில் பெரும்பாலும் வீட்டை ஒட்டியே நடைபெற்று வருகிறது. உளியும் கைரம்பமும் புழங்கிய தாழ்வாரத்தில் இன்று மின்ரம்பமும் இழைப்பு இயந்திரமும் ஓடுகின்றன. வேலை விரைந்து முடிகிறது; ஆயின் தூசும் பல மடங்கு பெருகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் சீவலைவிட, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறிய துகளே கொடியது. அது நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியுள்ளது. தச்சர் மட்டுமன்று, அதே கூரையின் கீழ் உறங்கும் குழந்தைகளும் இக்காற்றையே சுவாசிக்கின்றனர்.

உறிஞ்சு விசிறி வாங்குவோர் பலர். குழாயைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. பட்டறை ஒன்றில் நாம் முதன்முறை குழாய் அமைத்தபோது, செலவைக் கருதி 75 மி.மீ. குழாயையே எங்கும் பொருத்தினோம். சில நாட்களில் இழைப்புச் சுருள் இரண்டாம் வளைவில் அடைத்துக்கொண்டது. பிழை விசிறியினுடையதன்று, நம்முடையது.

மரத்தூள் குழாயில் தங்காது செல்லக் காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் ஓடவேண்டும். குழாய் குறுகினால் போதிய காற்று வாராது. மிகப் பெருத்தால் வேகம் தளர்ந்து தூள் படியும். இரண்டு குதிரைச்சக்தி விசிறிக்கு 160 மி.மீ. தலைமைக் குழாயும், இயந்திரங்களுக்கு 110 மி.மீ. கிளைக் குழாய்களும் பொருந்தும். கழிவுநீருக்கு விற்கப்படும் பி.வி.சி. குழாயே போதுமானது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பயன்படாத கிளைகளைப் பலகை அடைப்பான்களால் மூடிவைப்பது முறையே. எனினும் ஒரே ஒரு கிளையைத் திறந்துவைத்தால், அதில் வரும் காற்று இருமடங்குக்கும் மேல் பரப்புள்ள தலைமைக் குழாயில் வேகமிழந்து, தூளைக் கீழே இட்டுவிடும். ஆகவே இன்னொரு கிளையையும் திறந்துவைத்தல் வேண்டும். ஓடாத இயந்திரத்தின் அடைப்பானை ஏன் திறப்பது என்று தச்சர்கள் நம்மிடம் கேட்பதுண்டு, காரணம் இதுவே.

செங்குத்தான எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை வளைவு இரண்டைச் சேர்க்க. கிளையை 'டீ' கொண்டன்றி, காற்றோடும் திசையில் சாய்ந்த 'ஒய்' கொண்டே இணைக்க. சுருக்கங்களுள்ள நெகிழ்குழாய் காற்றைப் பெரிதும் தடுக்குமாதலால் முழ அளவோடு நிறுத்துக. இணைப்புகளைப் பசையிட்டு ஒட்டாது நாடா சுற்றிவைத்தால், அடைப்பு நேர்ந்தவிடத்துக் கழற்றலாம். விசிறிக்கு முன்னர் ஒரு மூடிய பீப்பாயை இடையில் வைப்பின், ஆணியும் கட்டையும் அதிலேயே விழும். இரும்பு விசிறியில் மோதித் தீப்பொறி எழாது. பட்டறையில் பீடி கூடாதென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

துணிப்பையின் வழியே நுண்தூசு மீண்டும் கசியுமாதலால், விசிறியையும் பையையும் சுவருக்கு வெளியே சிறு கொட்டகையில் வைத்தல் நலம். அண்டைவீட்டுச் சன்னலுக்கும் பொதுக்கிணற்றுக்கும் எதிரே அது அமையாதபடி பஞ்சாயத்து உறுப்பினர்கள் பார்த்துக்கொள்வார்களாக. சேரும் தூளைச் சாணத்துடன் கலந்து எருக்குழியில் இடலாம். வண்ணமோ பசையோ கலந்த ஒட்டுப்பலகைத் தூள் ஆகாது.

உப்புத்தாள் தேய்க்கையில் எழும் தூசு முழுவதையும் குழாய் பிடித்துவிடாது. அப்போது முகக்கவசமும் தேவை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழாய் வாயிலும் மெல்லிய நூலிழையொன்றைப் பிடித்துப் பாருங்கள். அது உள்நோக்கி விறைத்து நில்லாமல் தொய்யுமானால், பையை உதறி, வளைவுகளைத் திறந்து பார்க்க வேண்டும்.