மான் நம்ம பாத்திக்குள்ள வந்தா, அது நம்ம மானா?

"கோவா பாத்தி பூராவும் மரை தின்னுட்டுப் போயிருச்சு. நம்ம மண்ணுல வந்து மேயுற மிருகத்த நாம அடிச்சா என்ன தப்பு?" லயத்துப் பக்கம் போகும்போது பலர் எங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். "வெளிநாட்டில சொந்தக் காணிக்குள்ள வர்ற மான சுடலாமாமே" என்றும் சிலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் புள்ளிமான் உண்டு. நம் நாட்டிலும் இந்தியாவிலும் வாழும் இந்த இனத்தை 1932ஆம் ஆண்டு அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்த மண்ணுக்கு அது வெளி மிருகம். ஆகவே தனியார் காணியில் அதை வேட்டையாட இன்ன மாதம்தான் என்ற விதி இல்லை. இத்தனைதான் என்ற கணக்கும் இல்லை. ஆனால் வேட்டைக்காரரிடம் லைசன்ஸ் இருக்க வேண்டும், காணிக்காரரின் சம்மதமும் வேண்டும். அந்த மண்ணுக்கே உரிய வெள்ளைவால் மானுக்கோ, சொந்தக் காணியானாலும் மாதமும் உண்டு, கணக்கும் உண்டு.

நம் நாட்டில் கதை வேறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் புள்ளிமானையும் மரையையும் பாதுகாக்கிறது. காணி யாருடையது என்பதை வைத்து இந்தப் பாதுகாப்பு மாறாது. இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும்கூடக் குற்றம். எல்பிட்டிய, பலப்பிட்டிய பக்கம் கறுவாக் காணிகளில் பன்றிமான் வாழ்கிறது. சிங்களத்தில் "வில் முவா" என்பார்கள். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று பலர் கருதுகிறார்கள். "வெளியில இருந்து வந்ததுதானே" என்று அதையும் கொல்ல முடியாது.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கம்பிச் சுருக்கினால்தான். சுருக்குக்குப் பன்றி எது, மான் எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி தோட்டப் பகுதியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. "பன்றிக்குத்தான் வச்சோம்" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். வழக்கு வந்தால் கோட்டுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் பேரு போகும். அந்தக் கஷ்டம் முழுக் குடும்பத்துக்கும்தான்.

நாம் செய்யக்கூடியவை:

1. பக்கத்துப் பாத்திக்காரரோடு சேர்ந்து ஆளுயரத்துக்கு மேல் வேலி அடையுங்கள்.

2. சுருக்கில் மிருகம் மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள். தோட்ட அலுவலகத்துக்கும், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

3. மான் இறைச்சி மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

கோவா போனால் மறு போகத்தில் நட்டுக்கொள்ளலாம். வீட்டில் உழைக்கிற ஆள் மறியலுக்குப் போனால் என்ன செய்வது? இதை வாசித்துவிட்டு, வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.