டிரில் மிஷின்: ஒயரா, பேட்டரியா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வீட்டுக்கு டிரில் மிஷின் வாங்குகிறவர்கள், கடைக்காரரைக் கேட்குமுன் சுவரைக் கேளுங்கள்.

1. எலக்ட்ரீஷியன் வரும்போது ஓட்டையிலிருந்து விழும் தூளைப் பாருங்கள். சிவப்பாக விழுந்தால் செங்கல்; 18 வோல்ட் பேட்டரி இம்பாக்ட் டிரில்லே போதும். சாம்பல் நிறத்தில் மாவாக வந்து, பிட் உள்ளே போகாமல் நின்றால் கான்கிரீட். பில்லர், பீம், லிண்டல் எல்லாம் இந்த ரகம். அங்கே ஒயர் மிஷின்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய வீடுகளில் வெள்ளையாக உதிர்ந்தால் சுண்ணாம்புக் காரை. மிஷினின் ஹேமர் இயக்கத்தை அணைத்துவிட்டு மெதுவாகப் போடுங்கள். இல்லாவிட்டால் 8 மி.மீ. ஓட்டை போட்ட இடத்தில் பெருவிரல் நுழையும்.

2. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் ஓட்டு 13 மி.மீ. சக் உள்ள 500–600 வாட் ஒயர் இம்பாக்ட் டிரில்லுக்கு. எப்போதோ எடுத்தாலும் பிளக்கைச் சொருகியதும் ஓடும். பீரோ மேல் கிடக்கும் பேட்டரி மிஷினில் வேண்டிய நாளில் சார்ஜ் இருக்காது!

3. கதவுக் கீல், கட்டில், கிச்சன் அலமாரி என்று ஸ்க்ரூ முறுக்குவதுதான் அதிகம் என்றால் பேட்டரி மிஷின். கிளட்ச் வளையத்தைச் சின்ன எண்ணில் வைத்துத் தொடங்கினால் மரம் பிளக்காது. மலையடிவாரத்தில் கரண்ட் எட்டாத மாந்தோப்பு, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வசதி.

4. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளில், ஒயர் டிரில்லை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

5. பேட்டரியும் சார்ஜரும் சேர்த்த விலையா, வெறும் மிஷின் விலையா என்று கேட்டு வாங்குங்கள். நாளைக்குத் தனியாக பேட்டரி கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். சித்திரை வெயிலில் பேட்டரியை வண்டி டிக்கியில் வைக்கக் கூடாது. நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

6. எந்த மிஷினானாலும், சுவர் ஓட்டையில் சொருகும் பிளாஸ்டிக் பிளக்கின் நீளத்துக்கு பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. தூள் பிடிக்க, காலியான பால்கோவா அட்டைப்பெட்டியை ஓட்டைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

7. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஓட்டை போடாதீர்கள். உள்ளே ஒயர் ஓடும்.

8. ஒயர் டிரில்லின் ஹேமர் சத்தம் தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறாரா என்று கேட்டுவிட்டு சுவிட்சை அழுத்துங்கள்.